பலகையின் எடை

ஏற்றுவதும் இறக்குவதும்தான் என் பிழைப்பு. லாரியில் வந்ததைக் கிடங்கில் இறக்குவேன், கிடங்கில் இருப்பதை லாரியில் ஏற்றுவேன். சிமெண்ட், உரம், சர்க்கரை, ஆணிப் பெட்டி, எதுவானாலும் தோளுக்கு ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் எந்தப் பொருளும் என்னால் கனம் குறைந்ததில்லை. இந்த இடத்துக் கனத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். ஒரு பொருளின் எடையைக் குறைக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்தது என் மகளின் வண்டிக்காக மட்டும்தான்.

மகளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். கிடங்குக்குப் பஞ்சு மூட்டை வருகிற அன்று எங்கள் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும், தூக்கினால் ஒன்றுமே இருக்காது. அவள் பிறந்து துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது வாயில் அந்தச் சொல்தான் வந்தது. இப்போது வளர்ந்து, பார்சல் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். இன்னும் பஞ்சுதான். உயரம் என் தோளுக்கு வராது.

வண்டி என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், மெக்கானிக். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினால் ஓடுகிற பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. பஞ்சுவுக்கு அக்கா வயசு இல்லை, அத்தை வயசு இருக்கும். கிளப்பினால் நீலப் புகை, தெரு முழுக்கத் தகரத்தைக் கிழிக்கிற சத்தம். அதில்தான் பஞ்சு என்னைப் பின்னால் உட்கார வைத்து விடியற்காலை கிடங்கில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாள். பின்சீட்டுக்காரன் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்டின் ரப்பரை என் செருப்பு தேய்த்தே முடித்துவிட்டது. வளைவில் அவள் சாய்கிற சாய்ப்பில் என் வயிறு மேலே ஏறும். பயம் என்று சொல்லவில்லை, சொன்னால் மெதுவாகப் போய்விடுவாளே என்று.

பிறகு பழைய வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடத்துகிறார்கள் என்று மச்சான் கேள்விப்பட்டு வந்தார். பஞ்சுவின் பேரைக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

அந்தப் பந்தயத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கக் கூடாது. எல்லா வண்டியும் செத்த வண்டியாகக் கோட்டில் நிற்கும். கொடி இறங்கியதும் ஓட்டுகிறவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், கிளட்சை விட வேண்டும், எஞ்சின் பிடித்த நொடியில் தாவி ஏற வேண்டும். வேறு யார் கையும் வண்டியில் படக் கூடாது. பஞ்சு ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளுக்குச் சமமாக ஓட்ட அங்கே நாலைந்து பேர்தான். ஆனால் ஏறினால்தானே! முதல் பந்தயத்தில் தள்ளினாள், வண்டி அசைந்து நகர்வதற்குள் மற்றவர்கள் முதல் வளைவைத் தாண்டிவிட்டார்கள். கொடிக்காரர் அவளை ஓரம் கட்டினார். இரண்டாவது பந்தயத்திலும் அதேதான். நான் வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். வாழ்நாளெல்லாம் தள்ளின கை. பரபரவென்கிறது. கயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றேன்.

கொடிக்காரர் கெட்டவர் இல்லை. எடை பார்ப்பது, பேர் கூப்பிடுவது, கொடி இறக்குவது எல்லாம் அங்கே அவர் ஒருவர்தான். கிட்டே வந்து நிதானமாகத்தான் சொன்னார்.

"இங்க பாரும்மா, நீ நல்லா ஓட்டுவேன்னு எனக்கும் தெரியும். ஆனா கோட்டுல நின்னுட்டா பின்னாடி வர்றவன் வந்து மோதுவான். அடுத்த தடவையும் நின்னேன்னா உன் பேரை எடுத்துடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வரவே முடியாது, சொல்லிட்டேன்."

பஞ்சு தலையை ஆட்டினாள். வீடு வந்து சேரும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் கூடினோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"மாப்ள, பொண்ணுக்குச் சோத்தைப் போட்டு எடை ஏத்துறதா, வண்டிக்கு எடையை எறக்குறதா?"

"போட்ட சோறெல்லாம் எங்க போகுதுன்னு எனக்கே தெரியல மச்சான். வண்டியையே எறக்குங்க" என்றேன்.

பந்தயத்தில் எல்லை ஒன்று உண்டு. வண்டி இன்ன எடைக்குக் கீழே போகக் கூடாது. எங்கள் வண்டி அந்த எல்லைக்கு மேலே ஒரு சிமெண்ட் மூட்டை கனத்தில் நின்றது. அந்த மூட்டையை இறக்குவதுதான் வேலை.

முதலில் கழன்றது பின் ஃபுட்ரெஸ்ட். இரண்டும் கெட்டி இரும்பு, தாங்குகிற பட்டையோடு சேர்த்து. பஞ்சு ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எப்படி வேலைக்குப் போவீங்க?"

"எனக்கு என்ன, கால் இல்லையா?" என்றேன். அன்றிலிருந்து நடைதான். வழியில் யார் வீட்டு நாய் எப்போது எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது.

அதற்கப்புறம் விளக்கு, ஹாரன், பேட்டரி, ஸ்டாண்ட், செயின் மேலே இருக்கிற தகடு என்று ஒவ்வொன்றாக வந்தது. உதைத்துக் கிளப்புகிற கிக்கரும் போனது. தள்ளித்தானே கிளப்பப் போகிறோம், அது எதற்கு? இரும்பு மட்கார்டு போய் மெல்லிய அலுமினியத் தகடு வந்தது. கழற்றியதையெல்லாம் நான் ஒரு சாக்கில் போட்டுவைத்தேன். இறக்கின சரக்கைத் தரையில் சிதறவிட்டுப் போக என் கைக்குப் பழக்கம் இல்லை. வண்டி இளைக்க இளைக்கச் சாக்கு பருத்தது.

என் மனைவி தையல் கடைக்காரி. பழைய சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது சீட்டா, ஊறப்போட்ட மெத்தையா?" என்றாள். ஒரு சாண் ஸ்பாஞ்சை வெட்டி ரெக்ஸினில் போட்டுத் தைத்தாள். பஞ்சு ஒருத்தி உட்கார மட்டும் இடம், பின்னால் ஒரு பூனைக்குக்கூட இடமில்லை.

மச்சான் டிரில்லை எடுத்தார். பிரேக் மிதியில் ஓட்டை, செயின் சுற்றுகிற ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டை, எஞ்சினைப் பிடிக்கிற தகட்டில் வரிசையாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் பஞ்சு அரத்தால் தேய்த்து, விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, வண்டி செய்யிறியா, சல்லடை செய்யிறியா?" என்றாள் என் மனைவி.

"சலிச்சு எடுத்தா உம் பொண்ணு மட்டும் மேல நிப்பா, பாரு."

ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அச்சு, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க், பிரேம் ஆகிய மூன்றின் கிட்டே டிரில்லைக் கொண்டுபோகவே மாட்டார். பஞ்சு கெஞ்சினாள்.

"மாமா, பிரேம்ல பின்னாடி அந்த ஃபுட்ரெஸ்ட் மாட்டுற இரும்புக் காது சும்மாதானே இருக்கு? அறுத்துடலாமே."

"பிரேம்ல கைய வைக்க மாட்டேன். அது உசுரைத் தாங்குற எடம். உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம், அப்படியே ஓடிடு" என்றாள் அம்மாக்காரி.

எடை பார்ப்பது எங்கள் கிடங்கில். அங்கே எடைக்காரருக்கு முள்ளு என்று பேர். தராசு முள்ளைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. மனுஷர் பேசும்போதுகூட நம் மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பவர் மாதிரி இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கு காலியாக இருக்கும்போது வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் கொண்டுபோனோம். முள் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு எல்லைக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. கடைசி மூன்று நாலு கிலோ என்ன செய்தும் இறங்கவில்லை.

அந்தக் கொஞ்சத்துக்காக நாங்கள் பட்ட பாடு! போல்ட்டின் நுனியெல்லாம் நட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்ததோ அவ்வளவையும் அறுத்தோம். பெட்ரோல் டேங்கின் பெயிண்டைச் சுரண்டினோம். பிரேமைத் தவிர மற்றதில் ஹாரன் மாட்டுகிற காது, விளக்கு மாட்டுகிற காது, ஸ்டாண்ட் மாட்டுகிற பட்டை, எல்லாவற்றையும் ரம்பம் போட்டு எடுத்தோம். மச்சான் ஹேண்டில்பாரின் முனையை ஒரு விரல்கட்டை குறைத்தார். பஞ்சு தன் பூட்ஸின் லேஸைச் சின்னதாக மாற்றினாள்.

"லேஸ் வண்டியோட சேராதுடி" என்றேன்.

"இருக்கட்டும்பா, மனசுக்கு."

கடைசி ஞாயிற்றுக்கிழமை முள் எல்லைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நின்றது. முள்ளு தன் கூண்டு அறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துருச்சு!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பின்சந்தில் பஞ்சு தள்ளிப் பார்த்தாள். முன்பெல்லாம் கையால் முட்டித் தள்ளுவாள், வண்டி யோசித்து யோசித்து நகரும். இப்போது இடுப்பைச் சீட்டில் சாய்த்து ஒரு எட்டு வைத்தாள், வண்டி அவளோடு கிளம்பிவிட்டது. முதல் தடவை கிளட்சை விட்டபோது பின்சக்கரம் சுற்றாமல் கீச்சென்று இழுபட்டது. பின்னால் கனமே இல்லையே! அவளே நின்று யோசித்தாள். அடுத்த தடவை கிளட்சை விடுகிற அதே நேரத்தில் சீட்டில் தொப்பென்று விழுந்தாள். எஞ்சின் பிடித்தது. சந்து முழுக்க நீலப் புகை. மாடியில் துணி காயப்போட்டிருந்த அம்மா ஒருத்தி எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

பந்தயத்தன்று சின்ன லோடு வண்டியில் கிளம்பினோம். வண்டியைக் கயிறு போட்டுக் கட்டி, சக்கரம் உருளாமல் இருக்க அந்தச் சாக்கு மூட்டையையே அண்டக் கொடுத்தேன். முள்ளுவும் வந்திருந்தார், சலவைச் சட்டையில். "நம்ம முள் சொன்ன எடை எப்படி நிக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

சோதனைக் கொட்டகையில் வண்டியைப் பந்தயக்காரர்களின் எடை மேடையில் ஏற்றினோம். கொடிக்காரர் எண்ணைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"எடை பத்தாது."

மச்சான் சிரித்தார். "சார், கூடன்னு சொல்லுங்க, நம்புறேன். பத்தாதுங்கறீங்க?"

"ரெண்டு கிலோவுக்குக் கிட்டக் கம்மி. இப்படி ஓட்ட விட முடியாது."

முள்ளுவின் முகம் கறுத்துவிட்டது. "இருக்கவே இருக்காது. என் முள் பொய் சொல்லாது. உங்க மேடைய முதல்ல பாருங்க."

கொடிக்காரர் கோபப்படவில்லை. அங்கே வைத்திருந்த எடைக்கல்லைத் தூக்கி மேடையில் வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது.

"நான் உங்களுக்காக முள்ளை ஒழுங்கா சைபர்லதானே வெச்சேன்?" என்றார் முள்ளு என்னிடம், அழுகிற குரலில். "எப்பவும் பலகைக்காகக் கழிச்சு வைப்பேனே, அதைக்கூட எடுத்துட்டு, சுத்த சைபர்ல வெச்சேன். வண்டிதானே, சக்கரம் இருக்கே, நேரா தட்டுலதானே ஏத்தப் போறீங்கன்னு."

பலகை என்று அவர் சொன்னதும் நான் என் கையைப் பார்த்தேன்.

எங்கள் கிடங்கில் எந்தச் சரக்கும் தராசுத் தட்டை நேராகத் தொடாது. ஈர மூட்டை பட்டால் தட்டு துருப்பிடிக்கும் என்று எப்போதும் நடுவில் ஒரு பலகை கிடக்கும். அந்தப் பலகையின் கனம் கணக்கில் வராதபடி முள்ளு முள்ளைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார். வண்டியைக் கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் அவர் கூண்டுக்குள் போனதும் நான்தான் பலகையை எடுத்துப் போட்டேன். யோசித்துப் போடவில்லை. கை தானாகப் போட்டது. அவரும் ஜன்னலிலிருந்து முள்ளைத்தான் பார்த்தார். பலகை எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை, அது எங்களுக்குத் தராசிலேயே முளைத்த ஒன்று.

"பலகை மேலதான் ஏத்தினோம்" என்றேன்.

முதலில் சிரித்தது என் மனைவி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்போ இத்தனை நாளா பெயிண்டைச் சுரண்டினது, போல்ட்டை அறுத்தது எல்லாம் அந்தப் பலகையை எளைக்க வைக்கத்தானா?"

"அம்மா, சிரிக்காதேம்மா" என்றாள் பஞ்சு. அவள் சிரிக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. "சார், இப்ப என்ன பண்ணணும்?"

"கோட்டுக்குக் கூப்பிடுறதுக்குள்ள எடையை ஏத்திட்டு வா. ஆனா கயிறு, கம்பி போட்டுக் கட்டக் கூடாது. போல்ட் போட்டு இறுக்கியிருக்கணும். இல்லேன்னா இன்னிக்கும் கிளம்பலைன்னுதான் எழுதணும்."

இன்றும் கிளம்பவில்லை என்றால் பேர் போய்விடும். அதை அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

நான் ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கிவந்து கொட்டகை வாசலில் கவிழ்த்தேன். மச்சான் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஹாரன், மாட்டுகிற காதை அறுத்துவிட்டோம். ஸ்டாண்ட், பட்டையை அறுத்துவிட்டோம். பேட்டரி வைக்கிற தட்டே இல்லை. கிக்கர் மாட்டுகிற தண்டை அவரே துண்டித்திருந்தார்.

"கழட்டினதோட விட்டோமா, பாவிங்க நாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பஞ்சுவின் கை குவியலுக்குள் போய் இரண்டு பின் ஃபுட்ரெஸ்டையும் எடுத்தது. தேய்ந்த ரப்பர். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா வண்டியைப் பார்த்தார். கை வைக்க மாட்டேன் என்றாரே, அந்தப் பிரேமில் இரண்டு காதும் அப்படியே இருந்தன.

அவர் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம் மாட்ட உட்கார்ந்தார்கள். என் மனைவி போல்ட்டை எடுத்துக் கொடுத்தாள், முள்ளு வாஷரைத் தன் புதுச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். தன் பக்கத்தை முதலில் மாட்டி முடித்த மச்சான், "இது போதுமான்னு பாத்துடலாமே" என்றார். இரண்டாவதைக் கையில் தூக்கிப் பார்த்தேன். "ரெண்டும் வேணும் மச்சான்" என்றேன். இரண்டும் ஏறியது. மேடையில் ஏற்றும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், மறுபடி எதையாவது அடியில் போட்டுவிடுவேனோ என்று. கொடிக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எல்லைக்கு மேலே, ஒரு டம்ளர் தண்ணீர் அளவு.

"பந்தய வண்டிக்குப் பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்! யார் ஏறப் போறா?" என்று பக்கத்து வண்டிக்காரன் சிரித்தான்.

"எங்கப்பா" என்றாள் பஞ்சு. சிரிக்காமல்தான் சொன்னாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம். கொடி இறங்கியது. எல்லோரும் தள்ளினார்கள். பஞ்சு இடுப்பைச் சாய்த்தாள், ஒரு எட்டு, இரண்டு எட்டு, வண்டி அவளோடு ஓடியது. கிளட்சை விட்டாள். எஞ்சின் ஒரு தடவை இருமியது, நின்றது. பக்கத்தில் ஒவ்வொரு வண்டியாகக் கத்திக்கொண்டு கிளம்புகிறது. முன்பு என்றால் அத்தோடு முடிந்திருக்கும், அந்தக் கனம் ஒரு தடவை நின்றால் மறுபடி அவளால் கிளப்ப முடியாது. ஆனால் இந்த வண்டி நிற்கவில்லை! ஒரு மூட்டைச் சிமெண்டை இறக்கிய வண்டி, செத்த எஞ்சினோடு உருண்டுகொண்டே இருந்தது. அவளும் விடாமல் ஓடினாள். கிளட்சைப் பிடித்தாள், இன்னும் நாலு எட்டு, விட்டாள், தொப்பென்று விழுந்தாள்.

தகரம் கிழிகிற அந்தச் சத்தம் வந்தது. நீலப் புகை எங்கள் மூஞ்சியில் அடித்தது. அந்த நாற்றத்தை நான் நெஞ்சு நிறைய இழுத்தேன். மச்சான் என் தோளை அடித்த அடியில் மறுநாள் மூட்டை தூக்கும்போது வலித்தது.

எத்தனையாவது வந்தாள் என்று கேட்பீர்கள். ஏழாவது. கடைசியாகக் கிளம்பி ஏழாவது. நேர்ப்பாதையில் அவளைவிடப் பெரிய எஞ்சின்காரர்களை ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டு வந்தாள். வண்டியும் பஞ்சு, மேலே இருப்பவளும் பஞ்சு. எங்களைத் தாண்டுகிற ஒவ்வொரு சுற்றிலும் நான் பார்த்தது மடக்கிவைத்த அந்த இரண்டு ஃபுட்ரெஸ்டைத்தான். வளைவில் அவள் சாய்ந்தபோது என் வயிறு மேலே ஏறியது. தரையில் நிற்கிறேன், ஆனாலும் ஏறியது.

முடிந்து வந்து ஹெல்மெட்டை உடனே கழற்றினாள். தலை நனைந்து ஒட்டிக்கிடந்தது, பல் அத்தனையும் வெளியே இருந்தது. முள்ளு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணில் பட்ட ஆளையெல்லாம் நிறுத்தி, "நான் எடை போட்ட வண்டி" என்றார். பலகைக் கதையை மட்டும் சொல்லவில்லை.

கொடிக்காரர் வந்து குனிந்து ஃபுட்ரெஸ்டைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"பாக்கவே சகிக்கல. அடுத்த பந்தயத்துக்கு இதைக் கழட்டிட்டு ஒரு ஈயத் தகட்டை அடியில போட்டு ஒழுங்கா கொண்டு வாங்க."

அடுத்த பந்தயத்துக்கு. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

"இது இருக்கட்டும் சார்" என்றாள் பஞ்சு. "எடைக்கு எடை."

என் மனைவி அதற்குள் தான் தைத்த சீட்டின் பின்னால் விரலால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"ஃபுட்ரெஸ்ட் வந்தாச்சு. உக்கார எடம் வேணாமா? இன்னும் ஒரு முழம் தச்சா பந்தயம் இல்லாத நாள்ல மாட்டிக்கலாம். விளக்கையும் ஹாரனையும் அண்ணன் எப்படியாவது மாட்டிக் கொடுத்துடும். நாய்ங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க கிடங்குக்குப் போயிடலாம்."